ஊசி இலவசம், இழந்த கூலி யார் தலையில்?

கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சில கனவான்கள் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள். சர்க்கார் ஊசியை இலவசமாகக் கொடுத்ததாம். பாமர ஜனங்கள்தான் பயந்துகொண்டு வரவில்லையாம். 2021ஆம் வருஷம் ஊசி போடும் வேலை தாமதப்பட்டதற்கு ஏழைகளின் அறியாமையும் மூடநம்பிக்கையுமே காரணமாம். இப்படிச் சொல்கிறவர்கள் யார்? காரில் போய் இறங்கி, குளுகுளு அறையில் உட்கார்ந்து, கால்மணி நேரத்தில் ஊசியைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்கள். மறுநாள் உடம்பு வலித்தபோது சம்பளத்தோடு லீவு எடுத்துப் படுத்தவர்கள்.

வரிசையில் நின்றவர்கள் நாம். ஆகவே இந்த வழக்கில் சாட்சி சொல்லவேண்டியவர்களும் நாம்தான்.

2021 ஜூலை மாதம். ஊரடங்கு தளர்ந்து மில்கள் ஓட ஆரம்பித்த நேரம். ராத்திரி ஷிப்டு முடித்த கையோடு, பஞ்சுத் தூசி படிந்த சட்டையைக் கூட மாற்றாமல், விடியற்காலையில் பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்றோம். அங்கே நமக்கு முன்னால் செருப்புகளும் செங்கல்லும் துணிப்பைகளும் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு இடம் பிடிக்கிற அதே பழக்கம்தான். செருப்புக்குச் சொந்தக்காரர்கள் எதிர்த்த திண்ணையில் கொசுக்கடியில் சுருண்டு கிடந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் இருந்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் இருந்தார்கள். பெண்கள் ஒதுங்குவதற்கு ஒரு இடம் இல்லை. பள்ளிக்கூடக் கக்கூசின் பூட்டைத் திறக்கிறவர் எட்டு மணிக்குத்தான் வருவார்.

எட்டரை மணிக்கு ஒரு உத்தியோகஸ்தர் வந்தார். இன்றைக்கு வந்திருப்பது நூற்றைம்பது பேருக்கான மருந்துதான் என்றார். நின்றவர்களோ அதைப்போல் இரண்டு மடங்கு. டோக்கன் கொடுக்க ஆரம்பித்து நூறைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. மீதி டோக்கன் எங்கே என்று கேட்டோம். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவருடைய ஆட்கள் பக்கத்து வாசல் வழியாக உள்ளே போனார்கள். பதில் கிடைத்துவிட்டது.

மறுநாளும் போனோம். அன்று மருந்தே வரவில்லை. பலகையில் சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்கள். மூன்றாவது நாள்தான் கிடைத்தது. உள்ளே போனபின் நடந்தது என்ன? பெயரை எழுதினார்கள், ஆதார் நம்பரைக் கேட்டார்கள், ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். நர்ஸ் அம்மாள் கையைத் துடைத்தார், குத்தினார். வலித்ததாகச் சொல்லவும் நேரமில்லை; அதற்குள் அடுத்த ஆள். "அரைமணி நேரம் உட்கார்ந்துட்டுப் போங்க அண்ணா, மயக்கம் வந்தா உடனே சொல்லுங்க" என்று காய்ச்சல் மாத்திரைகளைக் கையில் கொடுத்தார். காலையிலிருந்து அந்த அம்மாள் ஒரு வாய் தண்ணீர் குடித்ததாக நாம் பார்க்கவில்லை. அவரைப் பற்றி நமக்கு ஒரு குறையும் கிடையாது. அவர் கதையைப் பின்னால் சொல்கிறோம்.

கூலிக் கணக்கு

மூன்று காலை நேரம் போயிற்று. ராத்திரி ஷிப்டுக்காரன் தூக்கத்தைப் பறிகொடுத்தான். பகல் ஷிப்டுக்காரன் கூலியைப் பறிகொடுத்தான். ஊசி போட்ட ராத்திரி குளிர் ஜுரம். மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. நூல் மில்லில் கையைத் தூக்காமல் என்ன வேலை செய்வது? அன்றும் லீவு. பல மில்களில் மாதம் ஒருநாள் தவறினாலும் வருகைப் போனஸ் முழுவதும் போய்விடும் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். ஆக, இலவச ஊசிக்கு நாம் கொடுத்த விலை இரண்டு மூன்று நாள் கூலி. அதற்கு மேல் போனஸ். இது முதல் ஊசிக்கு மட்டும். இரண்டாவது ஊசிக்கு மறுபடியும் இதே படலம்.

ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். சந்தா மாதாமாதம் பிடித்தார்கள், உண்மை. ஆனால் வியாதிக்கால உதவிப் பணம் முதல் இரண்டு நாளைக்குக் கிடையாது என்பது அதன் விதி. ஊசிக் காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள். விதியை எழுதியவர் நம் காய்ச்சலை முன்கூட்டியே அளந்து பார்த்து எழுதினாரோ என்னவோ! இதுவும் காண்ட்ராக்டருக்குக் கீழே பெயர்ப்பதிவே இல்லாமல் வேலை செய்கிறவனுக்கு எட்டாத பேச்சு.

கிராமத்துக்கு வாருங்கள். தஞ்சை ஜில்லாவில் அப்போது குறுவை நடவு. வருஷத்தில் விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கு நாலு காசு கண்ணில் படுகிற சில வாரங்களில் அது ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏழெட்டு மைல் போகவேண்டும். பஸ் நேரத்துக்கு வராது. போனால் மருந்து இருக்குமா என்பது தெரியாது. நடவுக்கு ஆள் சேர்க்கிறவரோ ஒருநாள் வராதவளை மறுநாள் வரிசையில் சேர்ப்பதில்லை. அந்தப் பெண் ஒருத்தியிடம் கேட்டோம், ஏன் அம்மா இன்னும் ஊசி போடவில்லை என்று. "போடமாட்டேன்னு யாரு சொன்னா? நடவு முடியட்டும்னு இருக்கேன். காய்ச்ச வந்து ரெண்டு நாளு படுத்தா எம் பிள்ளைங்களுக்கு யாரு ஒலை வைப்பா?" என்றார். இதற்குப் பெயர் மூடநம்பிக்கையா? இந்த அம்மாளின் பெயரையும் சேர்த்துத்தான் அறியாமைக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் கேட்கிறோம். அதே 2021ஆம் வருஷம் ஏப்ரல் 6ஆம் தேதி தமிழ்நாட்டில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. அன்று எல்லாத் தொழிலாளிக்கும் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தாக வேண்டும். முதலாளியின் தயவல்ல, சட்டம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு அப்படிச் சொல்கிறது. தினக்கூலிக்காரனுக்கும் அது உண்டு, மீறினால் முதலாளிக்கு அபராதம். ஓட்டுப் போட ஒருநாள் கூலியோடு லீவு கொடுக்க முடிந்த நாட்டில், உயிரைக் காக்கிற ஊசி போட ஒருநாள் கூலியோடு லீவு கொடுக்க ஏன் ஒரு பிரிவு இல்லை? அன்று அமலில் இருந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் அது இல்லை. பழைய 29 சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கினார்களே, அந்தத் தொகுப்புகளை அமலாக்கியபோதாவது இவ்வளவு பெரிய நோய்க்கால அனுபவத்துக்குப் பிறகு ஒரு வரி சேர்த்தார்களா? இல்லை. வேலை நேரத்தை நீட்டுவதற்கும் ஆட்குறைப்புக்கும் வழி தேடத் தெரிந்த பேனாவுக்கு இது தெரியவில்லை.

கடைச் சரக்கான கதை

ஊசி எல்லோருக்கும் முதலிலிருந்தே இலவசம் என்று சொல்வதும் சுத்தப் புளுகு. நம் ஜனங்களுக்கு மறதி அதிகம் என்று நம்பிச் சொல்கிறார்கள்.

2021 மே 1ஆம் தேதி முதல் 18 வயதிலிருந்து 44 வயது வரை உள்ளவர்களுக்கு ஊசி என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. நாட்டில் உழைக்கிற வயது அதுதான். மில்லிலும் வயலிலும் நிற்பது பெரும்பாலும் அந்த வயதுதான். ஆனால் அவர்களுக்கு ஊசி கொடுக்கும் பொறுப்பை மத்திய சர்க்கார் தன் தலையிலிருந்து இறக்கி வைத்தது. உற்பத்தியில் பாதியைத் தான் வாங்குமாம். கால்பங்கை மாகாண சர்க்கார்கள் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். கால்பங்கு தனியார் ஆஸ்பத்திரிக்காம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் தாராளமயம். யாருக்குத் தாராளம்? கோவிஷீல்டு மத்திய சர்க்காருக்கு 150 ரூபாய். மாகாண சர்க்காருக்கு 400 ரூபாய். தனியார் ஆஸ்பத்திரிக்கு 600 ரூபாய். கோவாக்சின் மாகாணத்துக்கு 600, தனியாருக்கு 1,200. ஒரே ஆலை, ஒரே மருந்து, ஒரே குப்பி. விலை மட்டும் மூன்று விதம்! நாடெங்கும் கூச்சல் எழுந்தபின் மாகாணங்களின் விலையை 300 என்றும் 400 என்றும் குறைத்தார்கள். தனியார் விலையில் கைவைக்கவில்லை.

ஜூன் மாதம் தனியார் ஆஸ்பத்திரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள்: வரியும் 150 ரூபாய் சேவைக் கட்டணமும் சேர்த்து கோவிஷீல்டு 780, கோவாக்சின் 1,410. சரி, கணக்குப் போடுவோம். புருஷன், மனைவி இருவர். ஆளுக்கு இரண்டு ஊசி. கோவாக்சின் என்றால் 5,640 ரூபாய். அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒருநாள் கூலி 273 ரூபாய். இருபது நாள் மண் வெட்டினாலும் 5,460தான் வரும். இரண்டு ஊசிக்காரர்களுக்கு அது போதாது. அதுவும் கூலி முழுசாகக் கைக்கு வந்தால், அரிசி பருப்பு வாங்காமல் இருந்தால்!

இத்தனைக்கும் அந்த வருஷ மத்திய பட்ஜெட்டில் தடுப்பூசிக்கென்று 35,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பணத்தை ஏன் 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குச் செலவிடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே கேட்டது. அந்த வயதுக்காரர்களைக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லும் கொள்கை மேலெழுந்தவாரியாகப் பார்த்தாலே தான்தோன்றித்தனமானது, அறிவுக்குப் பொருந்தாதது என்று மே 31ஆம் தேதி உத்தரவில் எழுதியது. ஒரு வாரத்தில், ஜூன் 7ஆம் தேதி, பிரதமர் டெலிவிஷனில் தோன்றி, ஜூன் 21 முதல் மாகாணங்களின் கால்பங்கையும் மத்திய சர்க்காரே வாங்கி இலவசமாகத் தரும் என்றார். மாகாண சர்க்கார்களும் இடதுசாரிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் தெருவில் எழுப்பிய குரலும் கோர்ட்டின் கேள்வியும் சேர்ந்து பிடுங்கி எடுத்தது அந்த இலவசம். சர்ட்டிபிகேட்டில் படம் மட்டும் பிரதமருடையது.

அப்போதும் தனியாரின் கால்பங்கு போகவில்லை. அந்தக் கால்பங்கை அவர்கள் போட்டுத் தீர்த்தார்களா? அதன் பக்கம் கூட வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் மருந்து இல்லை என்று பலகை தொங்கியபோது, தனியாரின் பெட்டியில் மருந்து வாங்க ஆளில்லாமல் இருந்தது. முதலாளித்துவ விநியோகம் என்றால் என்ன என்று வகுப்பெடுக்க இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

போன் விவகாரம் இன்னொரு தனிக் கொடுமை. 18 முதல் 44 வயதுக்காரர்கள் முதலில் கோவின் என்ற இணையதளத்தில் பதிவு செய்து நேரம் வாங்கினால்தான் ஊசி. நல்ல போன் வேண்டும், நெட் வேண்டும், ஓ.டி.பி. வந்தவுடன் அடிக்கக் கை பழகியிருக்க வேண்டும். திறந்த சில விநாடிகளில் இடமெல்லாம் தீர்ந்துவிடும். ஆரம்பத்தில் எல்லாம் இங்கிலீஷ். ஜூன் மாதம் பல பாஷைகளைச் சேர்த்தார்கள். முதலில் வந்த பட்டியலில் தமிழ் இல்லை! கூச்சல் போட்டபின் சேர்த்தார்கள். டவுனிலிருந்து போனும் கையுமாகக் காரில் வந்து கிராமத்து நிலையத்தில் குத்திக்கொண்டு போனவர்களை நாம் பார்த்தோம். அந்த ஊர் நாற்றாங்காலில் நின்றவர்களுக்கு அன்று ஊசி இல்லை. மே 24க்குப் பிறகுதான் நேரில் வருகிறவர்களுக்கும் சர்க்கார் நிலையங்களில் போடலாம் என்று அனுமதித்தார்கள்.

நம் ஜனங்களிடம் பயமே இருக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. இருந்தது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பில் காலமானார். அந்தச் செய்தி காட்டுத்தீ போலப் பரவியது. மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்று மத்திய நிபுணர் குழு சொல்லியது அக்டோபரில். அதற்குள் ஆறு மாதம் வாட்ஸ்அப் வதந்திக்கு விட்டுக் கொடுத்தாயிற்று. பயந்தவர்களில் பட்டதாரிகளும் உண்டு, பங்களாக்காரர்களும் உண்டு. பயத்தைப் போக்குவது யார் வேலை? வீடு வீடாகப் போன கிராம சுகாதார நர்சுகள் அந்த வேலையைச் செய்தார்கள். சங்கத் தோழர்கள் தாங்கள் முதலில் குத்திக்கொண்டு மற்றவர்களை அழைத்துப் போனார்கள். ஊசி நல்லது, போட்டுக்கொள்ள வேண்டும் என்பதில் நமக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. பசுஞ்சாணியும் மூத்திரமும் கொரோனாவை ஓட்டும் என்று சொல்லித் திரிந்த பேர்வழிகள் எந்த முகாமைச் சேர்ந்தவர்கள் என்பது நாடறியும். அவர்கள் சேரிவாசிகள் அல்ல.

ஏழைகள் வரமாட்டார்கள் என்ற வாதத்துக்குச் சாவுமணி அடித்தது 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அன்று தமிழ்நாட்டு சர்க்கார் சுமார் 40,000 இடங்களில் மெகா முகாம் நடத்தியது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, பஸ் ஸ்டாண்டு என்று ஊசி ஜனங்களைத் தேடி வந்தது. போன் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. 20 லட்சம் பேருக்குப் போடுவது இலக்கு. வந்தவர்கள் 28 லட்சத்துக்கும் மேல்! ஒரே நாளில்! ஜூலையில் மூடநம்பிக்கைக்காரர்களாக இருந்தவர்கள் செப்டம்பரில் திடீரென்று அறிவாளிகளாகிவிட்டார்களா? ஞாயிற்றுக்கிழமை கூலி போகாது, நடந்து போகிற தூரம், மருந்து இருந்தது. இவ்வளவுதான் ரகசியம். இதே சர்க்கார் அதே மே மாதம் 20ஆம் தேதி திருப்பூர் ஜில்லாவில் தொழிலாளிகளை முன்னிறுத்தி 18 வயதுக்காரர்களுக்கு ஊசி போடும் வேலையைத் துவக்கியதையும் மறுக்கவில்லை. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

ஆலையைப் பூட்டியவர்கள்

மருந்து ஏன் பற்றவில்லை? நாட்டுக்கே ஊசி மருந்து செய்து கொடுத்த ஊர் இது, தோழர்களே! கிண்டியில் 1899இல் தொடங்கிய கிங் நிலையம் அம்மைப்பால் தயாரித்தது. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907லிருந்து இருக்கிறது. கிண்டியிலேயே 1948இல் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் வந்தது. அம்மை குத்துகிறவரைக் கண்டு நம் பாட்டன்மார் பனங்காட்டுக்குள் ஓடினார்கள் என்று அன்றும் கேலி செய்தார்கள். ஆனாலும் அம்மை ஒழிந்தது. உலகம் முழுதும் அதை ஒழிக்க வேண்டும் என்று 1958இல் உலக சுகாதார மகாசபையில் பிரேரணை கொண்டுவந்தது சோவியத் யூனியன். இந்தியாவுக்கு ஏராளமான அம்மைப்பாலை இனாமாக அனுப்பியதும் அதுவே. 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. அந்த ஊசிக்கு யாரும் மூன்று விதமான விலை வைக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட பொதுத்துறை நிலையங்களை என்ன செய்தார்கள்? 2008 ஜனவரியில் குன்னூர், கிண்டி, கசவுலி மூன்றின் லைசென்சையும் ஒரே வீச்சில் நிறுத்தி வைத்தது அன்றைய காங்கிரஸ் கூட்டணி சர்க்கார். உற்பத்தி முறை நவீனமாக இல்லை என்பது காரணம். இல்லையென்றால் பணம் போட்டு நவீனப்படுத்துவதல்லவா முறை? குழந்தைகளுக்குப் போடும் ஊசியில் பெரும்பகுதி இந்த நிலையங்களிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. இடதுசாரிகள் எதிர்த்தார்கள், 2010இல் தடையை நீக்கினார்கள். அதற்குள் சந்தை தனியார் கைக்குப் போயிற்று. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருக்கழுக்குன்றத்தில் 100 ஏக்கரில், பல நூறு கோடி ரூபாய் செலவில், மத்திய சர்க்காரின் எச்.எல்.எல். கம்பெனி ஊசி மருந்து வளாகம் கட்டியது. கொரோனா வந்தபோது அது சும்மா கிடந்தது. எங்களிடமாவது குத்தகைக்குக் கொடுங்கள், நாங்கள் ஓட்டுகிறோம் என்று 2021 மே மாதம் தமிழ்நாட்டு முதல்வர் பிரதமருக்கு எழுதினார். கொடுக்கவில்லை, நோய்க்காலம் முடியும் வரை அங்கிருந்து ஒரு சொட்டுக் கொரோனா மருந்தும் வெளியே வரவில்லை. கோவாக்சினை உருவாக்கியதில் சர்க்காருடைய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கும் பங்கு உண்டு என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆராய்ச்சிக்கு ஜனங்களின் பணம். ஆலை மட்டும் தனியாருடையது!

இப்போது அந்த நர்ஸ் அம்மாளின் கதைக்கு வருகிறோம். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த நர்சுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வேலை இல்லை என்று தமிழ்நாட்டு சர்க்கார் உத்தரவு போட்டது. கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். விளக்கேற்றச் சொன்னார்கள், ஏற்றினோம். முன்களப் போராளி என்றார்கள். புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தது வீட்டுக்குப் போகிற சீட்டு. அவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அதன்பிறகுதான் வேறு திட்டங்களில் மாற்று வேலை தருவதாக சர்க்கார் பேசியது. அன்று கூட்டணியில் இருந்தோம் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட நமக்கு வாய் அடைபடவில்லை. அடுத்த தொற்று வரும்போது கையைத் துடைத்துக் குத்த யார் வருவார்கள்? மறுபடியும் ஆறு மாத ஒப்பந்தத்தில் ஆள் தேடுவார்களா?

சங்கங்கள் இந்த வருஷக் கோரிக்கை சாசனம் தயாரிக்கும்போது பஞ்சப்படிக்கும் போனசுக்கும் பக்கத்தில் இதையும் எழுத வேண்டும்: சர்க்கார் நடத்தும் எந்த ஊசி முகாமானாலும், போகிற நாளுக்கும் மறுநாளுக்கும் முழுக்கூலி; வருகைப் போனசில் அதைக் கழிக்கக் கூடாது; தன் ஊசிக்கு மட்டுமல்ல, குழந்தைக்கு ஊசி போடத் தூக்கிப் போகிற தாய்க்கும் தகப்பனுக்கும் அது உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் முதல் இரண்டு நாள் விதியை ஊசிக் காய்ச்சலுக்குத் தள்ளுபடி செய்யச் சொல்லி மில் வாசல் கூட்டங்களில் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் கிராமசபையில் எழுந்து, முகாம் நம் தெருவில், விடுமுறை நாளில், டோக்கன் எத்தனை என்று முதல்நாளே பலகையில் எழுதிப் போட்டு நடக்க வேண்டும் என்று கேட்கட்டும். தலைவர் தலையாட்டினால் மட்டும் விட்டுவிடக் கூடாது. மினிட் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வரவேண்டும்.